கையைக் கடிக்காத வீடு: சிக்கனமாக, சந்தோஷமாக வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

சிக்கனம் என்று பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் முதலில் கை வைப்பது காய்கறிப் பையில்தான். கொத்தமல்லிக் கட்டுக்குப் பேரம், பால் பாக்கெட்டில் ஒன்று குறைப்பு, இனிமேல் மாவை வீட்டிலேயே அரைப்பது என்று ஒரு தீர்மானம். இதிலெல்லாம் மிச்சமாகும் பணம் கொஞ்சம், கூடும் வேலையோ நிறைய. அந்த வேலையும் பெரும்பாலும் ஒரே ஆள் தலையில்தான் விழுகிறது. அரைப்பது அம்மா, காயவைப்பது அம்மா, கிழிந்ததைத் தைப்பதும் அம்மா. சிக்கனமான குடும்பம் என்ற நல்ல பெயர் மட்டும் எல்லோருக்கும்.

அதனால் இதில் பணக் கணக்கோடு இன்னொரு கணக்கும் கூடவே வரும்: இந்த மிச்சத்துக்கு யாருடைய நேரம் போகிறது? அதைக் கேட்காமல் ஆரம்பிக்கும் சிக்கனம் மூன்று மாதத்தில் சலித்துப்போகும், இல்லையென்றால் சண்டையில் முடியும். தமிழ்நாட்டில் மாதச் சம்பளத்தில் ஓடும் ஒரு நகரத்துக் குடும்பத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். உங்கள் வீட்டுக்குத் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

முதல் மாதம் வழக்கம்போலவே செலவு செய்யுங்கள். எழுதி மட்டும் வையுங்கள். குடும்பத்துக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து, யார் எதற்குச் செலவு செய்தாலும் தொகையையும் பொருளையும் அதில் போட்டுவிட்டால் போதும். ஒருவர் நோட்டைத் தூக்கிக்கொண்டு மற்றவர்களிடம் கணக்குக் கேட்டு அலைய வேண்டியதில்லை.

போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டும் பழக்கம் வந்தபிறகு சில்லறைச் செலவு கண்ணுக்கே தெரிவதில்லை. முன்பெல்லாம் 500 ரூபாய் நோட்டை உடைக்கும்போது மனசு கொஞ்சம் யோசிக்கும். இப்போது 40, 60, 120 என்று சத்தமில்லாமல் போகிறது. மாதக் கடைசியில் வங்கி ஸ்டேட்மென்ட்டை இறக்கி, 200 ரூபாய்க்கும் குறைவான செலவுகளை மட்டும் கூட்டிப் பாருங்கள். பல வீடுகளில் இதுவே ஒரு பெரிய தொகையாக நிற்கும்.

பிரிவுகள் மூன்று இருந்தால் போதும். தப்பிக்க முடியாதவை (வாடகை, பள்ளிக் கட்டணம், தவணை), வயிற்றுக்கானவை, மற்றவை. பதினைந்து தலைப்பு போட்டு வண்ண வண்ணமாக எழுதும் கணக்கு இரண்டாவது வாரம் தாண்டாது.

இன்னொன்று, வருஷத்துக்கு ஒருமுறை வரும் செலவுகளைத் தனித் தாளில் எழுதுங்கள். சொத்து வரி, வண்டி இன்ஷூரன்ஸ், பள்ளி முதல் தவணை, தீபாவளி, ஊர்த் திருவிழா. எல்லாவற்றையும் கூட்டி 12ஆல் வகுத்தால் வரும் தொகையும் உங்கள் மாதச் செலவில் சேர்த்திதான். ஜூன் மாதம் பணமில்லாமல் திண்டாடுவதற்குக் காரணம் பெரும்பாலும் ஜூன் மாதச் செலவல்ல, போன வருஷம் ஜூலையிலிருந்தே இந்தத் தொகையை ஒதுக்காததுதான்.

படி 2: பெரிய ஓட்டையை முதலில் அடையுங்கள்

கிரெடிட் கார்டில் 50,000 ரூபாய் பாக்கி இருக்கிறது, மாதம் 3.5 சதவீதம் வட்டி என்று வைத்துக்கொள்வோம். ஒரு மாதத்துக்கு 1,750 ரூபாய் வட்டி. அந்த வட்டி மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வேறு. ஆக 2,000 ரூபாய்க்கு மேல் போயாகிவிட்டது, அசல் அப்படியே நிற்கிறது. குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே போனால் இது வருஷக்கணக்கில் இழுக்கும். இந்தப் பணத்தைக் காய்கறியில் பேரம் பேசி ஈடுகட்ட முடியுமா?

கார்டு பாக்கி இருக்கிற வீட்டில் சிக்கனத்தின் முதல் வேலை அதை முடிப்பதுதான். பீரோவில் சும்மா இருக்கும் நகையை வங்கியில் அடகு வைத்துக் கார்டை அடைப்பது பலருக்குக் கூச்சமாக இருக்கலாம். ஆனால் வங்கி நகைக்கடன் வட்டி கார்டு வட்டியில் பாதிகூட இருக்காது. அடைத்த கையோடு கார்டை வீட்டில் வைத்துவிட வேண்டும், அது முக்கியம்.

அப்புறம், தானாகக் கழியும் பணம். போனில் பணம் கட்டும் ஆப்பில் 'ஆட்டோபே' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பார்க்காத ஓ.டி.டி., மறந்துபோன ஆப் சந்தா, பையன் எப்போதோ சேர்ந்த கேம் எல்லாம் அங்கே வரிசையாக நிற்கும். ரத்து செய்யப் பத்து நிமிஷம். யாருக்கும் எந்தக் கூடுதல் வேலையும் இல்லாத மிச்சம் இது.

வட்டியே இல்லை என்று சொல்லும் 'நோ காஸ்ட்' தவணையில் பொருள் வாங்கும்போது பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று பாருங்கள். உடனே பணம் கொடுத்தால் என்ன விலை என்றும் கேளுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அதுதான் வட்டி.

படி 3: கரண்ட் பில்லில் ஒரு கோடு இருக்கிறது

தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்தை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது 500 என்ற கோடு. இருந்துவரும் கட்டண முறைப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த சலுகை விலை போய்விடும். அதோடு 500க்கு மேற்பட்ட யூனிட்டுகளின் விலையும் ஏறும். அதாவது 500க்கும் 501க்கும் இடையே ஒரு யூனிட்தான் வித்தியாசம் என்றாலும் பில்லில் 200 ரூபாய்க்கு மேல் வித்தியாசம். கட்டண விகிதங்கள் அவ்வப்போது மாறும் என்பதால் உங்கள் கடைசி பில்லை வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு சுலபமான வழி: கணக்கெடுத்த தேதியிலிருந்து ஒவ்வொரு பதினைந்து நாளுக்கும் மீட்டரைப் படித்துக் காலண்டரில் எழுதுங்கள். இந்த வேலையை வீட்டில் இருக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்யும். நாற்பத்தைந்தாவது நாளில் 400க்குக் கிட்டத்தில் நின்றால் கடைசிப் பதினைந்து நாள் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் தப்பித்துவிடலாம்.

எதை இழுத்துப் பிடிப்பது? சாதாரண மின்விசிறி 75 வாட் அளவு இழுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 72 யூனிட். 30 வாட் அளவில் ஓடும் பி.எல்.டி.சி. விசிறி என்றால் 29 யூனிட். எல்லா விசிறியையும் ஒரேயடியாக மாற்ற வேண்டாம். அதிகம் ஓடும் ஹால் விசிறியை முதலில் மாற்றுங்கள், பழையது பழுதாகும்போது மற்றதைப் பார்க்கலாம். 2,000 வாட் கீசர் தினம் அரை மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 60 யூனிட். சென்னையிலும் மதுரையிலும் வருஷத்தில் பாதி நாள் குழாயைத் திறந்தாலே வெந்நீர் வருகிறது, ஆனாலும் பழக்கத்தில் சுவிட்சைப் போடுகிறோம்.

ஏசி மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் இழுக்கும் என்று தோராயமாக வைத்துக்கொள்ளுங்கள், மெஷினைப் பொறுத்துக் கூடலாம், குறையலாம். இரவு எட்டு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்தில் 480. ஏசி இருக்கிற வீடு 500ஐத் தாண்டுவது ஏன் என்று புரிகிறதா? 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திர முத்திரையுள்ள ஏசிகள் இயல்பாக 24 டிகிரியில் தொடங்கும்படி வருகின்றன. அதை 18க்கு இறக்காமல் கூடவே விசிறியை மெதுவாகச் சுழலவிட்டால் போதும். ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்பது மத்திய எரிசக்தித் திறன் வாரியத்தின் கணக்கு. மேல்மாடியில் இருப்பவர்கள் சித்திரை வருவதற்குள் மொட்டை மாடித் தளத்துக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். ராத்திரியில் வித்தியாசம் தெரியும்.

படி 4: சமையலறை

வாங்குவதில் ஆரம்பிப்போம். ரேஷன் கடையில் வாங்குவதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு அரிசி 2011 ஜூனிலிருந்து இலவசம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய்க்கும் பாமாயில் லிட்டர் 25 ரூபாய்க்கும் கொடுத்துவருகிறார்கள். ரேஷன் அரிசி சோற்றுக்குப் பிடிக்கவில்லையா, இட்லிக்கு ஊறப்போடுங்கள். நன்றாகவே வரும்.

காய்க்கு உழவர் சந்தை. 1999 நவம்பரில் மதுரையில் முதல் சந்தை தொடங்கியதிலிருந்து வாசலில் விலைப்பலகை வைப்பது வழக்கம். அதைப் பார்த்துவிட்டு உள்ளே போனால் பேரமே தேவையில்லை. காலையில் சீக்கிரம் போக வேண்டும் என்பதுதான் ஒரே சிரமம். வாரம் ஒருமுறை போதும், ஆனால் வாங்கியதைச் சமைக்கும் வரிசை முக்கியம். கீரை அன்றைக்கே, வெண்டையும் கத்திரியும் அடுத்த இரண்டு நாளில், பீன்ஸும் கேரட்டும் அதற்கப்புறம், பூசணியும் சேனையும் வாரக் கடைசிக்கு. காய் தீர்ந்த நாளில் சுண்டைக்காய் வற்றல் போட்டு ஒரு வத்தக்குழம்பு. இந்த வரிசையை வைத்துக்கொண்டால் பிரிட்ஜின் அடித்தட்டில் அழுகிப்போய்த் தூக்கி எறிவது நின்றுவிடும். அழுகின காயைவிட விலை அதிகமான காய் கிடையாது. பீர்க்கங்காய்த் தோலைத் துவையலுக்கும், கொத்தமல்லிக் காம்பை ரசத்துக்கும், தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைக் கூட்டுக்கும் எடுத்து வையுங்கள்.

வருஷச் சாமான் வாங்கும் பழக்கம் பல வீடுகளில் போய்விட்டது. எல்லாவற்றையும் மூட்டையாக வாங்கி அடுக்க இன்றைய அபார்ட்மென்ட்டில் இடமும் இல்லை. ஆனால் புளி ஒன்றுக்காவது அதை விடாதீர்கள். மாசி, பங்குனியில் புதுப்புளி வரும். செம்பழுப்பாக, பிசுபிசுவென்று கையில் ஒட்டும். மாதம் அரைக்கிலோ செலவாகும் வீட்டுக்கு ஆறு கிலோ போதும். கொட்டை எடுக்காத புளி விலை குறைவுதான், ஆனால் கொட்டைக்கு எடை போகும், உட்கார்ந்து தட்டி எடுக்க ஆளும் வேண்டும். வீட்டில் அதற்கு ஒருவர்தான் உட்காருவார் என்றால் கொட்டை எடுத்ததையே வாங்கிவிடுங்கள். வாங்கியதைப் பிரித்து, கோதும் நாரும் இருந்தால் எடுத்துவிட்டு, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவையுங்கள். உதிர்ந்துவிடும் அளவுக்கு வேண்டாம், பிசுபிசுப்பு அடங்கினால் சரி. பீங்கான் ஜாடியில் ஒரு அடுக்கு புளி, ஒரு பிடி கல்லுப்பு, மறுபடி புளி என்று அழுத்தி அடைத்து, வாயைத் துணியால் கட்டி மூடுங்கள். ஈரக்கை மட்டும் படக்கூடாது. வருஷம் போகப்போகக் கறுக்கும். பழம்புளியில் வைக்கும் வத்தக்குழம்பு தனி ருசி.

இட்லி மாவு அரைப்பதா, வாங்குவதா? ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் சுமார் மூன்று கிலோ மாவு வரும். பொருள் செலவை மட்டும் பார்த்தால் கடை மாவு விலையில் பாதி ஆகலாம். ஆனால் ஊறவைத்து, அரைத்து, கிரைண்டரைக் கழுவித் துடைக்கும் வேலை இருக்கிறதே! என் கட்சி இதுதான்: கிரைண்டர் கழுவுவது யார் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அரைப்பவர் ஒருவர், கழுவுபவர் இன்னொருவர் என்று இருந்தால் அரைக்கலாம். அப்படி ஆள் சிக்காத வீட்டில் மாவு பாக்கெட் வாங்குவது ஒன்றும் ஊதாரித்தனமில்லை.

கேஸ் மிச்சப்படுத்த எளிய வழிகள் உண்டு. பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்தால் சீக்கிரம் வேகும். குக்கரில் அடுக்குப் பாத்திரம் வைத்துச் சோறு, பருப்பு, காய் மூன்றையும் ஒரே தடவையில் வேகவைக்கலாம். முதல் விசில் வந்ததும் அடுப்பை சிம்மில் வையுங்கள். விசிலோடு போகிற ஆவியும் நீங்கள் காசு கொடுத்துக் காய்ச்சியதுதான். விசிலே வராமல் ஓரத்தில் ஆவி கசிந்தால் குக்கரை மாற்ற வேண்டாம், கேஸ்கட்டை மாற்றுங்கள். தீ மஞ்சளாக எரிந்தால் பர்னரைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சிலிண்டர் மாட்டிய தேதியைக் காலண்டரில் குறித்துவைத்தால் 14.2 கிலோ உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று தெரியும். கூடிக் குறைந்தால் ஏன் என்று பார்க்கலாம்.

இத்தனையையும்விடப் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது. ஆப்பில் சாப்பாடு ஆர்டர் போடுவது பெரும்பாலும் ஆசையினால் அல்ல, அசதியினால். ராத்திரி எட்டு மணிக்கு யாருக்கும் அடுப்படிக்குப் போகத் தெம்பில்லை, அவ்வளவுதான். அதனால் அசந்த நாளுக்கென்று சில பொருள்கள் வீட்டில் எப்போதும் இருக்கட்டும்: பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வறுத்த ரவை, அப்பளம். அன்றைக்குச் சமைப்பது, வழக்கமாகச் சமைக்காத ஆள். சோறு வடிக்கவும் அப்பளம் பொரிக்கவும் தெரிந்த யாரும் இதைச் செய்யலாம். சூடான சோற்றில் பருப்புப்பொடியும் நல்லெண்ணெயும் போட்டுப் பிசைந்து சாப்பிடுவது ஒன்றும் தண்டனை இல்லையே.

படி 5: பொருள்கள்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. ஆப்பில் ஒரு பொருள் பிடித்தால் கூடையில் போட்டுவிட்டு ஒரு வாரம் விடுங்கள். அப்புறமும் ஞாபகம் இருந்தால் வாங்கலாம். ஆடித் தள்ளுபடியில் மிச்சம் பிடிக்கிறோம் என்று போய் நாலு புடவை அதிகமாக எடுத்துவருவது மிச்சமல்ல. தீபாவளிக்கு எப்படியும் துணி எடுக்கத்தான் வேண்டும் என்றால் கோ-ஆப்டெக்ஸ் பண்டிகைத் தள்ளுபடியைப் பாருங்கள், கைத்தறி உழைக்கும். கிழிந்த வேட்டி கரித்துணியாகட்டும். மிக்ஸி ஜாரின் பிளேடு, குடைக் கம்பி, செருப்பு வார் எல்லாவற்றையும் சரிசெய்ய உங்கள் தெருவுக்குப் பக்கத்திலேயே இன்னும் ஆள் இருக்கிறார்கள்.

படி 6: விசேஷம், மொய், சீட்டு

சிக்கனக் குறிப்புகளில் இது வருவதே இல்லை. நம் குடும்பங்களின் சேமிப்பு கரைவது பெரும்பாலும் இங்கேதான். வைகாசியிலும் ஆவணியிலும் ஒரே வாரத்தில் மூன்று பத்திரிகை வரும். மொய், போய்வர பஸ் செலவு, கட்டிக்கொண்டு போகப் புடவை, நெருங்கின உறவென்றால் சீர்.

மொய் நோட்டை எடுத்து உட்காருங்கள். உங்கள் வீட்டு விசேஷத்தில் வந்த மொய் திருப்பித் தர வேண்டிய கடன்தான், வருமானம் அல்ல. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி, ஆவணியில் மொய் வாங்குவதற்கென்றே நடக்கும் மொய்விருந்துகளில் இதை ஒளிவுமறைவில்லாமல் கடனாகவே நடத்துகிறார்கள். யார் எவ்வளவு வைத்தார்கள், எவ்வளவு திருப்பியாயிற்று, எவ்வளவு புதுநடை (திருப்பியதற்கு மேல் புதிதாக வைத்தது) என்று எல்லாம் எழுத்தில் இருக்கும். அந்த ஒழுங்கை மற்ற ஊர்க்காரர்களும் கற்றுக்கொள்ளலாம். யாருக்கு எவ்வளவு திருப்ப வேண்டும், அவர்கள் வீட்டில் அடுத்த விசேஷம் எப்போது வரும் என்று ஒரு பட்டியல் போட்டால் வருஷத்துக்கு ஆகும் மொய்ப்பணம் ஓரளவு தெரிந்துவிடும். அதையும் படி 1இல் சொன்ன வருஷச் செலவுத் தாளில் சேருங்கள்.

உங்கள் வீட்டு விசேஷம் என்றால் ஆள் எண்ணிக்கையில்தான் கை வைக்க வேண்டும், சாப்பாட்டின் தரத்தில் அல்ல. 300 பேருக்கு நல்ல சாப்பாடு போட்ட வீட்டைப் பற்றி யாரும் குறை சொல்வதில்லை.

பணம் சேர்க்க அஞ்சலகத் தொடர் வைப்பு இருக்கிறது. மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம், 5 ஆண்டுக் கணக்கு. அடுத்த தீபாவளிக்கே வேண்டும் என்றால் வங்கியில் ஒரு வருஷத் தொடர் வைப்பு சரிப்படும். ஏலச்சீட்டு போடுவதென்றால் 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்த சீட்டாக இருக்கட்டும். தெரிந்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என்று போடும் பதிவில்லாத சீட்டில், போனால் போகட்டும் என்று விட முடிகிற தொகைக்கு மேல் போடாதீர்கள். நகைச் சீட்டில் சேருமுன் கேட்க வேண்டியது, எவ்வளவு செய்கூலி, சேதாரம் தள்ளுபடி, எந்த நகைக்கெல்லாம் அது பொருந்தும் என்பதுதான். கல் வைத்த நகைக்குப் பொருந்தாது என்று கடைசி நாளில் தெரியவந்தால் பிரயோஜனம் இல்லை.

படி 7: வீடு இனிமையாக இருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல்தான் மால் பக்கம் போகிறோம். அங்கே போனால் பார்க்கிங், ஐஸ்கிரீம், சினிமா, சாப்பாடு என்று ஆயிரங்கள் கரையும். போகாதே என்று தடுப்பதைவிட, வீட்டில் இருக்க ஒரு காரணம் வேண்டும்.

மொட்டை மாடி இருந்தால் பாதிக் காரியம் ஆயிற்று. வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்து, எல்லோரும் சுற்றி உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் பிசைந்த தயிர்சாதத்தைக் கையில் உருட்டி வாங்கிச் சாப்பிடுங்கள். தாயக்கட்டமும் பல்லாங்குழியும் போனைக் கீழே வைக்கவைக்கும். குறிப்பாகத் தாயத்தில் வெட்டுப்பட்ட தாத்தாவின் கோபத்தைப் பார்க்கப் பிள்ளைகள் மறுபடி மறுபடி வருவார்கள். நாலு தொட்டியில் கறிவேப்பிலை, துளசி, மிளகாய், புதினா. இதில் பெரிதாக மிச்சமாகாது, ஆனால் காலையில் பார்க்க நன்றாக இருக்கும்.

நூலகத்தை மறந்துவிடாதீர்கள். சென்னை கோட்டூர்புரத்தில் 2010இல் திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் பிள்ளைகளுக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. காலையில் உள்ளே விட்டால் சாயங்காலம் வெளியே இழுக்க வேண்டியிருக்கும். மற்ற ஊர்களில் கிளை நூலகம் இருக்கிறது, உறுப்பினராகச் சேர ஆகும் பணம் ஒரு சினிமா டிக்கெட்டைவிடக் குறைவு.

தினம் இரண்டு டீயை நிறுத்தினால் வருஷத்துக்கு எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுக் காட்டுபவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. டீக்கடையில் நிற்கும் பத்து நிமிஷத்தில் ஊர் நிலவரம் தெரிகிறது, நாலு பேர் முகம் பார்க்கிறோம். அதை விட்டுவிட்டு ஓ.டி.டி. சந்தாவை வைத்துக்கொள்வது என்ன கணக்கு?

பிள்ளைகளிடம் "காசு இல்லை" என்று சொல்வதைவிட, "இந்த மாதம் இதற்கு ஒதுக்கவில்லை, அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். சொன்னால் அடுத்த மாதம் மறக்காமல் பார்க்கவும் வேண்டும்.

படி 8: கை வைக்கக் கூடாத இடங்கள்

கேஸ் அடுப்பு ரப்பர் குழாயை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், காலாவதித் தேதி குழாயிலேயே அச்சடித்திருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட், வயர், குக்கர் வால்வ் எதையும் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கக் கூடாது. பிரஷர், சுகர் மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட்டு மிச்சம் பிடிப்பவர்கள் நிறையப் பேர். அப்படிச் செய்யாதீர்கள். மாத்திரை செலவு அதிகமாக இருந்தால் டாக்டரிடம் கேட்டு அதே மருந்தை ஜெனரிக்காக, அதாவது கம்பெனிப் பெயர் இல்லாத மலிவு வகையாக, வாங்கலாம். மக்கள் மருந்தகங்களும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் அதற்குத்தான் இருக்கின்றன. மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்தை ஒரு வருஷம் தள்ளிப்போடலாம் என்ற யோசனையும் வேண்டாம்.

வீட்டு வேலைக்கு வருகிறவரின் சம்பளத்திலும், தெருவில் கீரை விற்கும் பாட்டியிடமும் பிடிக்கும் மிச்சம் நம் சிக்கனக் கணக்கில் சேராது. அது அவர்கள் வீட்டிலிருந்து எடுப்பது.

படி 9: மிச்சமான பணம் யாருக்கு?

முதலில் மூன்று மாதச் செலவுக்கான தொகை தனிக் கணக்கில் சேரட்டும். வேலை போனாலோ ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ மட்டும் தொட வேண்டிய பணம் அது. அது நிறைந்தபிறகு மாதா மாதம் மிச்சமாவதை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி குடும்பத்துக்கு, அதாவது படிப்பு, வீடு, வயதான காலம். இன்னொரு பாதியில், அரைத்தவர், காயவைத்தவர், மீட்டர் படித்தவர் என்று இந்த மிச்சத்துக்கு உழைத்தவர்களுக்குப் பங்கு போக வேண்டும். மீட்டர் படித்த பிள்ளைக்கு உண்டியலில் சிறு தொகை. அம்மாவுக்கு அம்மா பெயரிலேயே அஞ்சலகத்தில் ஒரு தொடர் வைப்பு ஆரம்பித்து, மாதா மாதம் சம்பளம் வந்த அன்றே கட்டிவிடுங்கள். முதிர்ந்து வரும் பணத்தை என்ன செய்வது என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும், வீட்டுக்கு பிரிட்ஜ் வாங்கலாம் என்று யாரும் யோசனை சொல்லிக்கொண்டு போக வேண்டாம்.